லாரி வராத ஆறு கிலோமீட்டர்

2006 பிப்ரவரி 12, ஞாயிறு. காலை 6.10.

மரக்காணத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்று, என் சைக்கிளின் தூரமானியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். கைப்பிடியில் பொருத்திய தீப்பெட்டி அளவுக் கருவி அது. சக்கரத்தின் சுற்றளவை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பிறகு பத்து மீட்டருக்கு ஒரு தடவை தானே எண்ணை மாற்றிக் காட்டும். என் மனைவி வசந்தாவின் லேடீஸ் சைக்கிளில், பின் கேரியரில், அவள் வேலைக்கு எடுத்துப்போகும் தடுப்பூசிப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். அன்று அதற்குள் மருந்து இல்லை. மருந்தும் ஐஸும் சேர்ந்தால் நான்கரைக் கிலோ வரும் என்பதால், நான்கரைக் கிலோ அரிசி வைத்திருந்தேன். சோதனை ஓட்டம் என்றால் சுமையோடுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம காத்தால அரிசிய ஊர்வலம் கூட்டினு போறோம்," என்றாள் வசந்தா. "யாராச்சும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஏன் கிளம்பினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வசந்தா கிராம சுகாதார செவிலியர். உப்பளங்களுக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் துணை சுகாதார நிலையம் இருக்கிறது. பதினான்கு வருடமாக அவள் அங்கே போய்வருகிறாள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனால் 6.4 கிலோமீட்டர். சென்ற நவம்பரில் ஒரு நாள் காலை, பின்னால் வந்த வேனின் பக்கவாட்டுக் கண்ணாடி அவள் தோளைத் தட்டியது. விழுந்ததில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வேன் நிற்கவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் அந்தச் சாலையில் சைக்கிளை மிதிக்க அவள் தயாராக இல்லை. பஸ்ஸில் போனால் குப்பத்து முனையில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த மணிக்கட்டு அதற்குத் தாங்கவில்லை. ஒரு மாதமாக என்னுடைய பெரிய சைக்கிளில் நானே கொண்டுபோய் விட்டுவிட்டு, பாண்டிச்சேரிக்குப் போகும் என்னுடைய பஸ்ஸைத் தினமும் தவறவிட்டேன்.

திண்டிவனத்தில் அலுவலக வேலைக்கு மாற்றல் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பம் கைப்பையில் தயாராக இருந்தது. திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு. கொடுக்க அவளுக்கு மனசில்லை என்பது, அந்தக் கடிதத்தை அவள் மூன்று முறை புதிதாக எழுதியதிலிருந்து எனக்குத் தெரிந்தது. லாரி, வேன், பஸ் எதுவும் வராத ஒரு வழியைக் கண்டுபிடித்துத் தருகிறேன், அதுவரை பொறு என்று சொல்லியிருந்தேன். அந்த வழியை ஓட்டிக் காட்டும் நாள்தான் இது.

எனக்கு இந்த எண்ணம் வந்தது ஜெர்மனியில்.

நான் பாண்டிச்சேரியில் ஓர் அச்சகத்தில் இயந்திரப் பிரிவின் மேற்பார்வையாளன். புது இயந்திரம் வாங்கியபோது, 2004 செப்டம்பரில், மூன்று வாரப் பயிற்சிக்கு என்னை அங்கே அனுப்பினார்கள். நடுஜெர்மனியில் ரோன் மலைகள் என்ற பகுதி. பயிற்சி கொடுத்த வெர்னர் என்பவர் ஒரு சனிக்கிழமை மாலை, "நாளை விடுமுறை, சைக்கிள் ஓட்டுவீர்களா?" என்று கேட்டார். மலையில் சைக்கிளா என்று தயங்கினேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. வாடகை ஒரு நாளைக்கு எட்டு யூரோ, நம் பணத்தில் ஏறக்குறைய நானூற்று நாற்பது ரூபாய் என்றதும் தயக்கம் அதிகமானது. வாடகையை அவரே கொடுத்துவிட்டார்.

அது ஒரு பழைய ரயில் பாதை. ரயில் நின்றுபோனதும் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, அந்தத் தடத்திலேயே தார் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று விட்டுவிட்டார்கள். இருபத்தேழு கிலோமீட்டர். ரயில் ஏறக்கூடிய ஏற்றம் என்பதால் மலை என்பதே காலுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் புல்வெளி, பசு மாடுகள், சிவப்பு ஓடு போட்ட கிராமங்கள். சாலை குறுக்கிட்ட இடங்களில் பாலம். திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் பலகை வைத்து, அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று தசம புள்ளியோடு எழுதியிருந்தது. என் தூரமானியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூட நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசமில்லை. அந்தத் தூரமானியை வெர்னர்தான் எனக்கு நினைவாகக் கொடுத்தார்.

பாதி வழியில் ஒரு சுரங்கம். நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். வாயிலில் ஓர் அறிவிப்பு இருந்தது. வெர்னர் படித்துச் சொன்னார்: நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சுரங்கம் மூடப்படும், குளிர்காலத்தில் வௌவால்கள் உள்ளே தூங்கும், மாற்று வழி மலைமேல் இருக்கிறது.

"இந்தப் பாதையில் போக யாரிடம் கேட்க வேண்டும்?" என்றேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடி கேட்டேன். "எதற்குக் கேட்க வேண்டும்? அது பாதைதானே," என்றார்.

அன்று முழுவதும் எங்களைக் கடந்துபோனவர்கள் தலையசைத்தார்கள். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தேழு கிலோமீட்டரில் ஒரு ஹாரன் சத்தம் இல்லை. ஊருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் முதலில் எழுதினேன். வசந்தா பதில் எழுதினாள்: "வௌவாலுக்கு அங்கே இருக்கிற மரியாதை இங்கே எனக்கு இல்லை."

இப்போது மரக்காணத்துக்கு வருகிறேன். இந்த ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை, மழை முடிந்து உப்பளங்கள் வெறுமனே கிடந்த சமயம், தனியாகப் போய் வழியை அளந்தேன். உப்பளத்து மண்சாலை, கால்வாய்க் கரை, பாத்திகளுக்கு நடுவே போகும் பெரிய வரப்புகள், சவுக்குத் தோப்பு, குப்பம். 5.83 கிலோமீட்டர். ஈசிஆரைவிட அரை கிலோமீட்டருக்கு மேல் குறைவு. வரைபடம் போட்டேன். பொங்கல் விடுமுறையில், பைண்டிங்குக்கு அழுத்தும் பழைய மரப்பலகைகளை அறுத்து, வெள்ளை பெயின்ட் அடித்து, 'கி.மீ. 1', 'கி.மீ. 2' என்று எழுதி, அம்புக்குறியும் போட்டு, பதினொரு பலகைகளைக் குச்சியில் அறைந்து வழியெங்கும் நட்டேன். ஒரு ஜெர்மானியர் பார்த்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

6.24. தூரமானியில் 0.92.

லாரி வராத பாதையின் முதல் கிலோமீட்டருக்குள்ளேயே ஒரு லாரி நின்றது. மண்சாலையை அடைத்துக்கொண்டு குறுக்காக நின்றது. போன பருவத்து உப்பை அம்பாரமாகக் குவித்து, மழைக்குப் பனையோலை வேய்ந்து வைத்திருப்பார்கள். அந்த ஓலையைப் பிரித்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள். சைக்கிளைச் சாய்த்துக்கூட நுழைக்க இடமில்லை.

"ரெண்டு நிமிஷம் சார்," என்றார் டிரைவர், பீடியைப் பற்றவைத்தபடி.

"வண்டிய நேரா நிறுத்தினா வழி இருக்குமே," என்றேன்.

"நேரா நிறுத்தினா மூட்டை ஏத்துறவனுக்கு வெயில் மூஞ்சில அடிக்கும் சார்."

"இன்னும் சூரியனே வரலியே."

"வந்துரும் இல்ல?"

இருபத்திரண்டு நிமிடம் ஆனது. வசந்தா அரிசிப் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த 'ஒலி எழுப்பவும்' என்பதை மட்டும் ஒரு தடவை உரக்கப் படித்தாள்.

6.52. தூரமானியில் 1.70.

இங்கே ஒரு பலகை இருந்திருக்க வேண்டும். இல்லை. இதற்கு முன் இருந்த 'கி.மீ. 1' பலகையும் இல்லை என்பதை லாரி எரிச்சலில் கவனிக்காமல் வந்துவிட்டேன். குச்சி நட்ட துளை மட்டும் இருந்தது. கால்வாய்க் கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீதானா அந்தக் குச்சி நட்டவரு?"

"ஆமாங்க. யார் புடுங்கினாங்க?"

"எல்லாருந்தான் புடுங்கினாங்க. ரோடு போடறதுக்கு எடம் எடுக்கறாங்கன்னாங்க. இல்ல, சுனாமி லிஸ்டு மறுபடி எடுக்கறாங்க, குச்சிக்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்குத்தான் வீடுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. அப்ப இந்தாண்ட இருக்கறவன் சும்மா இருப்பானா? குச்சிய ராத்திரியோட ராத்திரியா மாத்தி நட்டான். அந்தாண்ட இருக்கறவன் காத்தால புடுங்கிப் போட்டான்."

"அதுல கிலோமீட்டர்னு எழுதியிருந்ததே."

"எழுதிதான் இருந்துச்சு. படிச்சவன்தான் சொன்னான் லிஸ்டுன்னு."

என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை அவர் பார்த்தார். ஒரு வருடமாக இந்தக் கடற்கரையில் நோட்டோடு வருபவர்கள் எல்லாம் பெயர் எழுதத்தான் வந்திருக்கிறார்கள். "எம்பேரு போன தபா விட்டுட்டாங்க," என்று தொடங்கினார். நோட்டைப் பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகும் நூறு மீட்டர் தூரம் ஆடுகளோடு சேர்ந்து பின்னாலேயே வந்து தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார்.

"எழுதிக்குங்களேன்," என்றாள் வசந்தா. "இவ்ளோ தூரம் வந்ததுக்கு அதாவது நடக்கட்டும்."

7.10. தூரமானியில் 2.41.

பெரிய வரப்பு இங்கே அறுந்திருந்தது. ஜனவரி 8 அன்று இதே இடத்தில், என் குறிப்பின்படி, 'வரப்பு அகலம் மூன்று அடி, இறுகிய மண், தாராளமாகப் போகலாம்.' இப்போது குறுக்கே ஒரு மடை வெட்டி, அதில் உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். நாலடி மூன்று அங்குலம். தண்ணீரின் வேகத்தைக் கட்டுப்படுத்த மடையில் ஒரு பலகையைச் செருகியிருந்தார்கள். வெள்ளைப் பலகை. தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது: கி.மீ. 3.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதை மூன்றாம் கிலோமீட்டரில் நட்டிருந்தேன். இங்கே 2.41.

"உங்க ஜெர்மனில வரப்ப வெட்ட மாட்டாங்களா?" என்றாள் வசந்தா.

"அங்க வரப்பே கிடையாது."

"அப்ப அவங்களுக்கு ஈஸிதான்."

மடைக்கு அந்தப் பக்கம் போக வழி தேடினேன். இடது கைப் பக்கம் ஒரு பாத்தி தண்ணீர் இல்லாமல் இருந்தது. அதன் தரை மேசைபோல மட்டமாக, வழவழப்பாக, லேசான ஈரத்தோடு பளபளத்தது. ஒரு கல் இல்லை, ஒரு புல் இல்லை. அன்று காலையில் நான் பார்த்த எல்லாவற்றிலும் ரோன் மலைத் தார்ப்பாதைக்கு மிக அருகில் வந்தது அதுதான். வரப்பிலிருந்து சைக்கிளை இறக்கி, ஏறி உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. நாற்பது அடி போயிருப்பேன்.

"டேய் யார்ரா அது! எறங்குடா! எறங்கு!"

மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் ஆள் வரப்பின்மேல் ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். தொடைவரை கட்டிய லுங்கி, முழங்கால்வரை வெள்ளையாகக் காய்ந்த உப்பு. பின்னால் ஒரு பெண்ணும் வந்தார். நான் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். நான் வந்த வழியெங்கும் ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், நான் இறங்கி நின்ற இடத்தில், என் செருப்புத் தடம்.

"ஒம்போது நாள் மிதிச்சது சார்," என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துதான் 'டா' போய் 'சார்' வந்தது என்று நினைக்கிறேன். "நானும் இவளும் ஒம்போது நாள் காலாலயே மிதிச்சு எறுக்கி வச்சோம். நாளைக்கித் தண்ணி வுடணும். அந்தக் கோடு வழியா மண்ணு கரைஞ்சி மேல வரும். உப்பு கறுப்பாப் பூடும். கறுப்பு உப்ப எவன் வாங்குவான், சொல்லு."

உப்பளத்தில் தண்ணீர் விடுவதற்கு முன் பாத்தித் தரையை வெறுங்காலால் நாள்கணக்கில் மிதித்து இறுக்குவார்கள் என்பதை மரக்காணத்தில் இருபத்தாறு வருடம் குடியிருக்கும் நான் அறிவேன். அறிந்திருந்தும், அன்று அது எனக்குச் சாலையாகத்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண்தான் வரப்பின்மேல் இருந்த வசந்தாவைப் பார்த்தார்.

"ஏய், நர்ஸம்மா! நீங்க எங்க இந்தாண்ட?"

அவர் பெயர் அஞ்சலை. மம்மட்டிக்காரர் அவர் கணவர் ஏழுமலை. குப்பத்துக்கு மேற்கே இருக்கும் காலனியில் வீடு. அவர்களுடைய கடைசி இரண்டு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டவள் வசந்தா. மூன்றாவது பிரசவத்தில் அஞ்சலைக்கு உதிரம் நிற்காமல் போனபோது ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் உப்பு லாரியில் ஏற்றிக்கொண்டு ஜிப்மருக்குக் கூடவே போனவளும் அவள்தான். இவை எல்லாம் எனக்கு அன்று அந்த வரப்பில்தான் தெரியவந்தன. அந்த நாள் என் டைரியில் 'வ. இரவு தாமதமாக வந்தாள்' என்று மட்டும் இருக்கும்.

"எங்க வூட்டுக்காரர்தாங்க," என்றாள் வசந்தா என்னைக் காட்டி. "பாத்தில சைக்கிள் ஓட்டினது."

ஏழுமலை என்னைப் பார்த்தார். "படிச்சவர் மாதிரி இருக்காரே," என்றார்.

"அதனாலதான்."

வசந்தா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். அஞ்சலை தடுத்தும் கேட்கவில்லை. நானும் இறங்கினேன். ஏழுமலை ஒரு குடத்தில் உவர்நீர் கொண்டுவந்து கோட்டின்மேல் தெளித்தார். நாலு பேரும் வரிசையாக நின்று மிதித்தோம். குதிகாலால் குத்தக் கூடாது, பாதத்தை முழுசாக வைத்து அழுத்தி, அரையடி நகர்ந்து, மறுபடி அழுத்த வேண்டும். நான் அவசரப்பட்டேன். "சார், நீங்க அப்பிடி மிதிச்சா இன்னொரு கோடுதான் விழும்," என்று ஏழுமலை என்னை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். நான் மிதித்த இடத்தை என் பின்னால் அவர் மறுபடி மிதித்துக்கொண்டே வந்தார்.

மிதித்துக்கொண்டே பேசினார்கள். பேசினார்கள் என்றால் அந்த இரண்டு பெண்களும்.

"ரோட்ல அடிச்சிட்டானாமே? கேள்விப்பட்டோம். கையி சரியாப் போச்சா?"

"வலி இருக்குது. தூக்குனா வலிக்குது."

"அதான் சார் கூடக் கொணாந்து வுடறாரா? பொட்டில இன்னா, போலியோ மருந்தா?"

"அரிசி."

அஞ்சலை மிதிப்பதை நிறுத்தினார். "ஊசிக்குப் பதிலா அரிசி போடறீங்களா இப்ப?"

வசந்தா எல்லாவற்றையும் சொன்னாள். வேன், மாவுக்கட்டு, என் தூரமானி, ஜெர்மனி, குச்சிகள். குச்சி என்றதும் ஏழுமலை மடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் திண்டிவனத்து விண்ணப்பத்தையும் சொன்னாள்.

"திண்டிவனத்துல யாருக்கு ஊசி போடுவீங்க?" என்றார் அஞ்சலை.

"ஃபைலுக்கு."

அஞ்சலை சிரிக்கவில்லை. "எம்மருமவ மாசமா இருக்கா. ஏழாவது," என்றார். அரையடி நகர்ந்து மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

8.05. கோடு மறைந்துவிட்டது. மறைந்ததாக எனக்குத் தெரிந்தது. ஏழுமலை குனிந்து கன்னத்தைத் தரையில் வைக்காத குறையாகப் பார்த்துவிட்டு, "பூடும்னு நெனைக்கிறேன்," என்றார்.

பிறகு குடிசைக்குப் போய் ஒரு நீளப் பலகையைத் தோளில் தூக்கி வந்தார். உப்புக் கூடையோடு அம்பாரத்தின்மேல் ஏற வைத்திருக்கும் பலகை. அதை மடையின் குறுக்கே போட்டு, காலால் உதைத்து உறுதிபார்த்தார்.

"எத்தினி மணிக்கு வருவீங்க நர்ஸம்மா?"

"ஏழே காலுக்கு இங்க வந்தா எட்டுக்குப் போயிடலாம்."

"திரும்பி?"

"நாலரை."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. எந்த இடத்தில், எத்தனை மடை, எவ்வளவு அகலம் என்று நான் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. தெற்கே திரும்பி, வாயைக் கையால் குவித்து, "ஏம்பா! நர்ஸம்மா வருதுப்பா! பலகையப் போடு!" என்று கத்தினார். தூரத்தில் ஓர் ஆள் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் தனக்குத் தெற்கே இருந்தவருக்குக் கத்தினார். அது அப்படியே போய்க் காதுக்கு எட்டாமல் தேய்ந்தது.

அதற்குப் பிறகு குப்பம்வரை நான்கு மடைகள். நாங்கள் போய்ச் சேருமுன் நான்கிலும் பலகை கிடந்தது. இரண்டில் பனை வாரை, ஒன்றில் பழைய கதவு, ஒன்றில் கட்டுமரத்திலிருந்து கழற்றிய கட்டை. ஒவ்வொரு பலகையருகிலும் ஓர் ஆள். ஒவ்வோர் ஆளும் என்னைப் பார்த்து, "இவர்தானா அந்த சாரு?" என்று கேட்டார். நான் போவதற்கு முன்னே நான் பாத்தியில் ஓட்டிய செய்தி போயிருந்தது. சவுக்குத் தோப்பில் என் பின்சக்கரத்தில் முள் ஏறிக் காற்று போனது. கடைசி எழுநூறு மீட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வசந்தா முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

9.15. குப்பம். தூரமானியில் 5.97. குப்பத்து டீக்கடையில் இரண்டு டீ, நான்கு ரூபாய். ஒரு மணிநேரம் தாமதம் என்று வசந்தாவிடம் சொன்னேன். "யாருக்கு? அரிசிக்கா?" என்றாள்.

பிப்ரவரி 13, திங்கள்.

காலை 6.45க்கு அவள் தனியாகக் கிளம்பினாள். நான் ஒரு மாதம் கழித்து முதல்முறையாக என்னுடைய 7.20 பஸ்ஸைப் பிடித்தேன். கூனிமேட்டிலும் கீழ்புத்துப்பட்டிலும் கூட்டம் ஏறியது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வழியில் ஒரு சைக்கிள்காரரைப் புழுதிக்குள் இறக்கிவிட்டுத்தான் தாண்டினார். மாலை வீட்டுக்கு வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பாக்கல."

"மடை எல்லாத்துலயும் பலகை இருந்ததா?"

"இருந்ததனாலதான் போயிட்டு வந்தேன்."

விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து மேசைமேல் வைத்திருந்த காகிதங்களில் அது இருந்தது. மடித்த பின்பக்கத்தில் பென்சிலால் எட்டுப் பெயர்கள் எழுதியிருந்தாள். ஏழுமலை மருமகள், ஏழு மாசம், இரும்புச் சத்து மாத்திரை. அதற்குக் கீழே குழந்தைகள், வயது, எந்த ஊசி பாக்கி. உப்பளத்துக்குக் கூடவே கூட்டி வந்துவிடுவதால் நிலையத்துக்கு வராத குழந்தைகளாம்.

பிப்ரவரி 19, ஞாயிறு. காலை 7.15.

பாதை இருக்கிறது என்பது உறுதியான பிறகு அதைச் சரியாக எழுதி வைக்க வேண்டும் அல்லவா. மாற்று வழிகளோடு புதிதாக அளந்து, இந்தக் கட்டுரைக்கு ஒரு வரைபடம் போடலாம் என்று தனியாகக் கிளம்பினேன். லாரி இல்லை. ஆட்டுக்காரர் தூரத்திலிருந்து கையசைத்ததோடு விட்டார். 2.41இல் மடை இருந்தது. பலகை இல்லை.

ஏழுமலை அடுத்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். நான் மிதித்த பாத்தியில் தண்ணீர் நின்றது. ஓரங்களில் உப்புப் பூக்கத் தொடங்கியிருந்தது. கறுப்பாக இல்லை. அதைப் பார்த்து முதலில் நிம்மதிப்பட்டேன், பிறகு பலகை எங்கே என்று கேட்டேன்.

"அதுவா சார்? அம்பாரத்துல கெடக்குது. உப்பு சொமக்கணும் இல்ல?"

"நர்ஸம்மாவுக்குப் போட்டீங்களே?"

"போடறோமே. ஏழே காலுக்குப் போடுவோம், அவங்க தாண்டினதும் எடுத்துருவோம். நாலரைக்குத் திரும்பப் போடுவோம்."

"இப்பவும் ஏழே கால்தான்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம சார்."

"எனக்காக ஒரு தடவை போட முடியுமா?"

அவர் யோசித்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு மனசில்லை என்பது தெரிந்தது. "நீங்க எதுக்கு சார் போறீங்க அந்தாண்ட?" என்று கேட்டார்.

வழியை அளக்க என்றேன். அது ஒரு காரணமாக அவருக்குப் படவில்லை. சொல்லும்போதே எனக்கும் படவில்லை. அம்பாரத்தில் இரண்டு பேர் கூடையோடு அந்தப் பலகையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய 'கி.மீ. 3' இன்னும் மடையில் செருகியபடியே இருந்தது, இப்போது நேராக. நான் வந்தால் பார்த்து வருத்தப்படக் கூடாது என்று ஏழுமலை திருப்பி வைத்திருப்பார் போல.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பயணக் கட்டுரை எழுதுபவர் கடைசியில் எப்படிப் போவது, எவ்வளவு தூரம், எவ்வளவு செலவு என்று சொல்ல வேண்டும். ரோன் மலைப் பாதைக்கு என்னால் சொல்ல முடியும். அங்கே யார் போனாலும் சுரங்கம் ஏப்ரலுக்குப் பிறகு திறந்திருக்கும், பலகையில் எழுதிய தூரம் சரியாக இருக்கும், யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். மரக்காணத்துப் பாதைக்கு அப்படி ஒன்றும் சொல்வதற்கில்லை. எங்கே வரப்பு எங்கே மடை என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அக்டோபரில் மழை வந்தால் மொத்தமும் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது என்ன செய்வாய் என்று வசந்தாவைக் கேட்டேன். "அவங்களுக்கும் அப்ப வேலை இல்ல, ஏதாச்சும் தோணி கீணி பாப்பாங்க," என்றாள். இதை ஒரு திட்டம் என்று எடுத்துக்கொள்ள என்னால் இன்னும் முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். பாதையின் பக்கத்தில் முதல் வரியாக '5.83 கி.மீ.' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஒரு வாரம் முன்பு அதை அடித்து '5.97' என்று திருத்தியிருந்தேன். அதையும் அடித்தேன். சுரங்கத்து வாயிலில் பார்த்த அறிவிப்பில் தூரம் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எந்தக் காலத்தில் மூடுவார்கள், யாருக்காக மூடுகிறார்கள் என்பதுதான் இருந்தது. அதேபோல எழுதினேன்: திங்கள் முதல் சனி வரை, காலை 7.15, மாலை 4.30. நர்ஸம்மாவுக்கு.